நீர் வற்றிய எமரால்டு அணைக்கு ஒரு போலரைசர்

கோடையில் எமரால்டு அணையைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களிடம் சர்குலர் போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வேன், புது லென்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பி, பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி இது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய என் 77 மி.மீ. விட்ட ஃபில்டர் நீலகிரியில் நன்றாக உழைத்துவிட்டது.

எமரால்டு குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தது. மின்சாரத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கி, கரை வரிவரியாக வெளியே வரும். மேலே காய்ந்து வெளுத்த மண், கீழே ஈரச் செம்மண், நடுவே பட்ட மரத்தின் அடிக்கட்டைகள். எனக்கு நிறைந்த அணையைவிட இதுதான் அழகு. ஆனால் ஈரச் சேறு வானத்தின் ஒளியை வாங்கி வெள்ளையாக மினுங்கும், மண்ணின் நிறம் போய்விடும். ஃபில்டரின் முன்வளையத்தைத் திருப்பினால் மினுக்கம் விலகிச் சிவப்பு எழுந்து வரும். ஓரத்தில் முழங்கால் ஆழ நீருக்குள் கிடக்கும் வேர்கள்கூடத் தெரியும். கணினியில் எவ்வளவு இழுத்தாலும் இது வராது. மினுக்கத்தில் மறைந்த நிறம் ஃபைலில் பதிவாகியே இருக்காது.

நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பு அதிகம் அடங்கும். அதனால் மேட்டில் நின்று கீழ்நோக்கி எடுங்கள். வானமும் வேண்டுமென்றால் சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். 16 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானம் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகித் திட்டு விழும். நான் 24 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. முழுதாகவும் திருப்பாதீர்கள். எதிர்மலையின் பிம்பம் தண்ணீரில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் நீர் வெறும் கருந்திட்டாகிவிடும்.

குறை உண்டு. ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), காலைப் பனிமூட்டத்தில் டிரைபாட் கட்டாயம். விளிம்பு மெல்லியது, லென்ஸ் மூடி சரியாகப் பிடிக்கவில்லை.

வாங்கும்போது கடையிலேயே ஒரு மடிக்கணினித் திரைக்கு முன் ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். திரை நன்றாகக் கறுத்தால் சரி. ஊதா நிறம் தங்கினால் விட்டுவிடுங்கள். சர்குலருக்குப் பதில் லீனியர் என்ற இன்னொரு வகைப் போலரைசரைத் தந்தால் வேண்டாம், டி.எஸ்.எல்.ஆரின் ஆட்டோஃபோகஸைக் குழப்பும். மலைக்குப் போகும் முன் பெசன்ட் நகர் கடற்கரையில், அலை வடிந்த ஈர மணலில் பழகிக்கொள்ளலாம். உப்புக்காற்று படியும், வீட்டுக்கு வந்ததும் துடைத்து வையுங்கள்.