வட்டாரத்தைச் சொன்ன பக்கம் சபையைச் சொல்லவில்லை: ஒரு மாநகர மாவட்டத்தின் தேர்தல் முடிவுச் சேவை பற்றி

2024 மே 2ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின் முடிவுகளை, நான் வசிக்கும் மாவட்டத்தின் சபை தன் இணையத்தளத்தில் வெளியிட்ட விதத்தைப் பற்றியதே இந்த மதிப்பீடு. சபையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கிலாந்தின் பெருநகரப் பகுதிகளில் உள்ள 36 மாநகர மாவட்டங்களுள், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் தெரிவு செய்கின்ற மாவட்டங்களில் ஒன்று என்று அறிந்துகொண்டால் போதும். தேர்தல் முடிவை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குப்பை அகற்றுவதையும் வீதி விளக்குகளையும் பற்றி நாம் குறை நிறை எழுதுகிறோம். வாக்களித்தவருக்குச் சபை திருப்பி ஒப்புவிக்கும் கணக்கு இது. இதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

எங்கள் வீதியில் நான்கு வீடுகள் தள்ளி வசிக்கும் முதிய அம்மா ஒருவர், இலங்கைக் கடவுச்சீட்டோடுதான் வாக்களிக்கச் செல்கிறார். இங்கே தங்குவதற்கான அனுமதியுள்ள பொதுநலவாய நாட்டுப் பிரஜைகளுக்கு வாக்குரிமை உண்டு என்பதும், 2023 மே மாதத் தேர்தல் முதல் கட்டாயமாக்கப்பட்ட படத்துடன் கூடிய அடையாள ஆவணங்களில் பொதுநலவாய நாடுகளின் கடவுச்சீட்டும் அடங்கும் என்பதும் நம்மவர்களில் பலருக்கு இன்னும் தெரியாதவை. அவருக்குத் தெரியும், ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று அவர் கேட்டது இரண்டு கேள்விகள்: "தம்பி, எங்கட வட்டாரத்தில ஆர் வெண்டது? இனிச் சபை ஆற்ர கையில?" முதலாவது கேள்விக்குச் சபையின் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடத்தில் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் புதன்கிழமை வரை பிடித்தது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே பெரிது. வட்டாரத்தின் பெயரைத் தொட்டவுடன் வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில், வாக்குச்சீட்டில் இருந்த அதே ஒழுங்கில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே கட்சி, பெற்ற வாக்குகள், வென்றவருக்கு நேரே "தெரிவானார்" என்ற சொல். அதன் கீழே பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையும், வழங்கப்பட்ட வாக்குச்சீட்டுகளின் எண்ணிக்கையும், வாக்களித்தோரின் சதவீதமும் இருக்கின்றன. டெபாசிட் என்றும் கட்டுப்பணம் என்றும் நாம் பழக்கத்தில் தேடும் வரி அங்கே இல்லை. இங்கிலாந்தின் சபை உறுப்பினர் தேர்தலில் வேட்பாளர் கட்டுப்பணம் செலுத்துவதே இல்லை என்பதால் அதை இழப்பதற்கும் இடமில்லை.

அதற்கும் கீழே இருப்பதுதான் நான் மிகவும் மதிக்கும் பகுதி. நிராகரிக்கப்பட்ட வாக்குகளை ஒரே எண்ணாகக் கொட்டிவிடாமல், காரணவாரியாகப் பிரித்து நான்கு வரிகளில் தந்திருக்கிறார்கள்: உத்தியோகபூர்வ அடையாளம் இல்லாதவை, அனுமதிக்கப்பட்டதை விட அதிக வேட்பாளருக்கு அடையாளமிட்டவை, வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எழுத்தோ குறியோ உள்ளவை, வெறுமையானவை அல்லது நோக்கம் தெளிவில்லாதவை. வாக்கெண்ணும் மண்டபத்தில் ஒவ்வொரு பெட்டியிலுமுள்ள சீட்டுகளின் தொகை, வாக்களிப்பு நிலையத்திலிருந்து வந்த கணக்கோடு முதலில் சரிபார்க்கப்பட்ட பின்னரே வேட்பாளர்வாரியாகப் பிரிப்பது தொடங்குகிறது; சந்தேகமான சீட்டுகள் தனியே எடுக்கப்பட்டு, வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, தெரிவத்தாட்சி அலுவலரால் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கப்படுகின்றன. புள்ளடிக்குப் பதிலாகச் சரி அடையாளம் இட்டிருந்தாலும், வாக்காளரின் நோக்கம் தெளிவாக இருந்தால் அந்த வாக்கு செல்லும். அவ்வளவு பொறுமையோடு நடக்கும் ஒரு வேலையின் தடம் இந்த நான்கு வரிகளில்தான் பொதுமக்களின் கண்ணுக்குப் படுகிறது. எங்கள் வட்டாரத்தில் நிராகரிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி கடைசி வரியில் இருந்தது. அன்றைய தினம், பல மாவட்டங்கள் சேர்ந்த மாநகரப் பிராந்தியத்தின் மேயர் தேர்தலும் நடந்ததால் வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் வாக்களித்துவிட்டு மற்றதை வெறுமையாகவே பெட்டியில் இட்டவர்கள் இருக்கக்கூடும் என்று நான் எண்ணுகிறேன். அப்படி எண்ணிப் பார்ப்பதற்கே இந்தப் பிரிப்பு இடம் தருகிறது.

வேகத்தைப் பற்றிக் குறை இல்லை. வெள்ளிக்கிழமை எண்ணத் தொடங்கினார்கள்; ஒவ்வொரு வட்டாரமும் அறிவிக்கப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் பக்கத்தில் ஏறியது. கைத்தொலைபேசியிலும் அட்டவணை உடையாமல் வந்தது.

தெரிவத்தாட்சி அலுவலரின் கையொப்பமிட்ட அறிவித்தல் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. சட்டப்படியான ஆவணம் அதுதான்; அதைக் காகிதத்தில் அச்சிட்டு, கையொப்பம் வைத்து, படமாக வருடி, பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பெயரைத் தேட முடியாது. ஓர் எண்ணைப் பிரதி எடுக்க முடியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு படிக்கும் பார்வையற்ற ஒருவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். பொதுத்துறை இணையத்தளங்கள் அனைவரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்ட நாட்டில், சபையின் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று இந்த நிலையில் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. மூன்றில் ஒரு பங்கு முறையில் வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு ஆண்டுப் பதவிக்காலம். தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஓர் ஆசனம் வாக்குக்கு வரும், நான்காம் ஆண்டு தேர்தல் இல்லை. இதே முறையிலுள்ள லீட்ஸ் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும்: 33 வட்டாரங்கள், 99 உறுப்பினர்கள், ஆகவே ஒரு சாதாரணத் தேர்தலில் வாக்குக்கு வருபவை 33 ஆசனங்கள், ஆனால் சபையில் பெரும்பான்மைக்கு வேண்டியவை 50. அந்த 33 ஆசனங்களையும் ஒரே கட்சி வாரி எடுத்தாலும், அந்த ஒரு நாளின் வெற்றி மட்டும் அதன் கையில் சபையைக் கொடுத்துவிடாது. மாறாக, ஒரு தேர்தலில் மோசமாகத் தோற்ற கட்சி, முந்தைய ஆண்டுகளில் வென்ற ஆசனங்களின் பலத்தால் தொடர்ந்து ஆட்சி செய்யலாம். ஆகவே இத்தகைய மாவட்டத்தில் அந்த நாளின் முடிவு என்பது முடிவின் ஒரு பகுதி மட்டுமே. மீதி மூன்றில் இரண்டு பங்கும் பக்கத்தில் இருந்தால்தான் முழு வடிவம் தெரியும்.

எங்கள் சபையின் சுருக்கப் பக்கத்தில் வண்ணப் பட்டைகளோடு ஓர் அழகான வரைபடம் இருக்கிறது. அதில் இருப்பவை இந்தத் தேர்தலில் கட்சிகள் வென்ற ஆசனங்கள் மட்டுமே. எத்தனை ஆசனங்கள் வாக்குக்கு வராமல் இருந்தன, அவை யாரிடம் உள்ளன, கூட்டுத்தொகை என்ன, பெரும்பான்மைக்கு எத்தனை வேண்டும் என்ற நான்கும் இல்லை. அதைப் பார்க்கும் எவரும் மிக நீளமான பட்டைக்குரிய கட்சியே சபையை வென்றது என்று எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன்; பிறகு அந்த அம்மாவிடம் பொறுக்கச் சொன்னேன்.

உறுப்பினர் பட்டியலுக்குப் போய்க் கையால் எண்ணிப் பார்த்தேன். பழைய உறுப்பினர்கள் அப்படியே இருந்தார்கள். இதற்குச் சபையைக் குறைகூற முடியாது: பதவிக்காலம் முடிந்தவர்கள் விலகுவதும் புதியவர்கள் பொறுப்பேற்பதும் வாக்களிப்பு நாளுக்குப் பின் நான்காம் நாளில்தான். ஆனால் அந்த விளக்கம் பட்டியலின் மேல் ஒரு வரியாக இருந்திருந்தால், தோற்றுப்போனவரின் படத்தை இன்னும் உறுப்பினராகப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய அலுவலர் மிகப் பொறுமையானவர். முடிவுகளை வெளியிடுவது தம் பிரிவு என்றும், சபையின் கட்சி நிலவரம் வேறு பிரிவின் பொறுப்பு என்றும் சொல்லி, அங்கே இணைத்துவிட்டார். உள்ளே இது இரண்டு வேலையாக இருப்பதில் தவறில்லை. வாக்காளருக்கு அது ஒரே கேள்வி என்பதை எவராவது ஒருவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதே குறையின் இன்னொரு முகத்தை அயல் வட்டாரத்தில் கண்டேன். அங்கே ஓர் உறுப்பினர் இடையில் விலகியிருந்ததால் இரண்டு ஆசனங்கள் ஒன்றாக வாக்குக்கு வந்திருந்தன. முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்கள் இருவருக்கும் நேரே "தெரிவானார்" என்று இருக்கிறது. அதிக வாக்குப் பெற்றவர் முழு நான்கு ஆண்டுகளுக்கும், அவருக்கு அடுத்தவர் விலகியவரின் எஞ்சிய காலத்துக்கும் பதவி வகிப்பார் என்பது விதி. பக்கம் அதைச் சொல்லவில்லை. தன் வாக்கால் வென்றவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று அறியாமலே அந்த வட்டாரத்து வாக்காளர் பக்கத்தை மூடுகிறார்.

எல்லா ஆசனங்களும் ஒரே நாளில் வாக்குக்கு வரும் மாவட்டங்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பேர்மிங்ஹாமில் 2018 முதல் 69 வட்டாரங்களின் 101 ஆசனங்களுக்கும் ஒன்றாகவே தேர்தல். டொன்காஸ்டரில் 2025 மே 1ஆம் திகதி நடந்த தேர்தலில் 55 ஆசனங்களில் 37ஐ ரிஃபோம் யூகே கட்சியும், 12ஐத் தொழிற்கட்சியும், 6ஐ கன்சர்வேட்டிவ் கட்சியும் வென்றன. எண்ணி முடித்த அதே கணத்தில் சபையின் பெரும்பான்மை யாரிடம் என்பதும் தெரிந்துவிட்டது. அங்கேயும் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அதே நாளில் அந்நகரத்தில் வாக்காளர்களே நேரடியாகத் தெரிவு செய்யும் மேயர் பதவிக்கு நடந்த தேர்தலில் தொழிற்கட்சியின் ரோஸ் ஜோன்ஸ் 698 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். ஆகவே மேயர் ஒரு கட்சி, சபையின் பெரும்பான்மை இன்னொரு கட்சி. அந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காத ஒருவருக்கு டொன்காஸ்டர் பாதிதான் விளங்கும். எங்கள் சபையின் பக்க அமைப்பு முழுத் தேர்தல் நடக்கும் மாவட்டத்துக்கு ஏற்றதாக இருந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு முறைக்கு அது பொருந்தவில்லை என்பதே என் முறைப்பாடு.

பழைய முடிவுகளின் தொகுப்பும் மெலிந்தது. மாநகர மாவட்டங்களுக்கு முதல் தேர்தல் 1973இல் நடந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் அவை இயங்குகின்றன. எங்கள் பக்கத்தில் இருப்பதோ அண்மைய சில தேர்தல்கள் மட்டுமே.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வட்டார நிலையில் ஐந்தும் கொடுப்பேன். சபை நிலையில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: சுருக்கப் பக்கத்தை நம்பி நின்றுவிடாதீர்கள். மே மாதத்திலேயே நடக்கும் வருடாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் ஆவணங்களைத் திறந்து பாருங்கள். சபைக்குள் இயங்கும் குழுக்களின் ஆசனங்களைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சட்டம் கூறுவதால், கட்சிவாரியான உறுப்பினர் தொகை அங்கே ஓர் அட்டவணையாகக் கட்டாயம் வரும். தொலைபேசியில் இரண்டாவதாகப் பேசிய அலுவலர் எனக்குக் காட்டித்தந்த இடம் அதுதான். நான் தேடிய எண்கள் அனைத்தும் நீண்டதோர் ஆவணத்தின் நடுவே, ஒரு கைப்பிடி அளவு அட்டவணையில் இருந்தன. அவற்றை முடிவுப் பக்கத்துக்கு எடுத்து வந்து ஓர் இணைப்பாகவாவது போடும்படி அன்றே எழுதி அனுப்பினேன். கடிதம் கிடைத்தது என்ற பதில் வந்திருக்கிறது. அந்த அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, புதன்கிழமை மாலை நான்கு வீடுகள் தள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.