ஞான ஒடுக்கத்துக்கு ஏற்ற அறைகள்: ஒரு தியான இல்லத்தைப் பற்றிய மதிப்பீடு

கத்தோலிக்கத் தியான இல்லம் ஒன்றைத் தங்கும் விடுதியை மதிப்பிடுவதுபோல் மதிப்பிட முடியாது. மெத்தையும் குளியலறையும் கவனிக்க வேண்டியவைதாம். ஆனால் அங்கே செல்பவர் பழகிய வீட்டையும் பேச்சையும் விட்டு, நாளின் பெரும்பகுதியைச் செபத்தில் கழிக்கச் செல்கிறார். இதையே ஞான ஒடுக்கம் என்கிறோம். இயேசு சபையை நிறுவிய லொயோலா புனித இஞ்ஞாசியார் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்னும் நூலின்படி முழு மௌனத்தில் தியானிப்பதற்காக நான் தங்கியிருந்த இல்லத்தின் அறைகளும் வசதிகளும் அந்தச் செபத்துக்கு எவ்வளவு துணை நின்றன என்பதையே இங்கு எழுதுகிறேன். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அந்நூலே செபிக்கும் இடத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேசுவதால், அதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தனி அறை சிறியது. ஆனால் நன்கு யோசித்து அமைக்கப்பட்டது. கட்டில், எழுதுமேசை, நிமிர்ந்த முதுகுடைய நாற்காலி, சாய்வு நாற்காலி, முழந்தாட்படியிடும் பலகை, சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), மேசைமேல் திருவிவிலியம் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து செபிக்கும் அளவுக்குத் தரையில் இடம் விட்டிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். முழந்தாளிலோ, குப்புற விழுந்தோ, மல்லாந்து படுத்தோ, அமர்ந்தோ, நின்றோ தேடுவதைக் கண்டடையலாம் என்று கூறும் இஞ்ஞாசியார், ஆலயத்தில் பிறர் முன்னிலையில் இவ்வாறு செய்யாமல் தனிமையில் செய்யும்படியும் எச்சரிக்கிறார். அப்படியானால் இதற்கு உரிய இடம் அறைதான். கட்டிலும் அலமாரியும் தரையை முழுவதும் அடைத்துக்கொள்ளும் இல்லங்களில் இந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க வழியே இருப்பதில்லை.

சன்னலும் அப்படித்தான். உள்ளே மரக்கதவும் அதன்மேல் தடித்த திரையும் இருப்பதால், பகலிலும் அறையை நன்றாக இருட்டாக்க முடிகிறது. நூல் பயிற்சிகளை நான்கு வாரங்களாகப் பிரிக்கிறது. பாவங்களைத் தியானிக்கும் முதல் வாரத்தில் வாசிப்பு, உணவு போன்றவற்றுக்கான நேரம் தவிர அறையில் வெளிச்சத்தைத் தவிர்க்கவும், இயேசுவின் உயிர்ப்பைத் தியானிக்கும் நான்காம் வாரத்தில் ஒளியையும் பருவத்தின் இனிமையையும் அனுபவிக்கவும் நூல் சொல்கிறது. இந்த அறையில் இரண்டுக்கும் வழி இருந்தது. திரையை விலக்கியதும் மரங்கள் தெரிந்தன. இணைந்த குளியலறை தூய்மையாக இருந்தது, வெந்நீர் தடையின்றி வந்தது.

சிற்றாலயம் இந்த இல்லத்தின் சிறந்த பகுதி. திருவப்பம் வைக்கப்படும் நற்கருணைப் பேழைக்கு முன் அணையா விளக்கு எரிய, இரவு முழுவதும் அது திறந்தே இருக்கிறது. நள்ளிரவுத் தியானத்தை நூலின்படியே செய்ய விரும்புவோருக்கு இது இன்றியமையாதது. அறைகளிலிருந்து அங்கு செல்லும் வழி கூரையுடன் இருப்பதும், கால் மட்டத்தில் மங்கிய விளக்குகள் பொருத்தப்பட்டிருப்பதும் பாராட்டத்தக்கவை. நீள்இருக்கைகளோடு, தரையில் அமர்வோருக்குத் தாழ்ந்த முக்காலிகளும் திண்டுகளும் உள்ளன. பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதன அறையில் தடுப்புக் கம்பிவலைக்குப் பின்னால் முழந்தாளிடவும், குருவுக்கு எதிரே அமரவும் இடம் இருந்தது.

குறைகளில் பெரியது, ஆன்ம வழிகாட்டியைச் சந்திக்கும் அறைகளின் அமைவிடம். அவை தங்கும் அறைகளின் வரிசையிலேயே, மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் இருக்கின்றன. சொற்கள் புரியாவிட்டாலும் குரல் கேட்கிறது. உள்ளத்தைத் திறந்து பேச வந்தவர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ள நேரிடுகிறது. அடுத்த அறையில் தியானிப்பவரின் கவனமும் கலைகிறது. மௌனத்துக்கென்றே எழுப்பிய கட்டடத்தில் இது சிறு பிழையன்று. கதவுகளின் தாழ்ப்பாள் ஓசையையாவது ஒரு துண்டுத் தோலை வைத்துத் தணித்துவிடலாம். இந்தச் சுவரை மாற்றிக் கட்டத்தான் வேண்டும்.

இன்னொரு குறை முதியோரைப் பற்றியது. துறவியர் ஆண்டுதோறும் தியானம் செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எனவே இத்தகைய இல்லங்களுக்கு வயது முதிர்ந்த அருட்சகோதரிகளும் குருக்களும் தொடர்ந்து வருவார்கள் என்பது தெரிந்ததே. அப்படியிருந்தும் கைப்பிடிகள் பொருத்திய குளியலறை தரைத்தளத்து அறைகள் சிலவற்றில் மட்டுமே உண்டு. மாடிக்கு மின்தூக்கி இல்லை.

தோட்டத்து நடைபாதை, இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் சுற்றி வருகிறது. ஒவ்வொரு தியானமும் முடிந்தபின் கால் மணி நேரம் அமர்ந்தோ உலாவியோ அது எப்படி அமைந்தது என்று திரும்பிப் பார்க்க இஞ்ஞாசியார் பணிப்பதால், நிழலும் இடையிடையே இருக்கைகளும் உள்ள இப்பாதையை நான் அறைக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்படுத்தினேன். இருக்கைகள் ஒன்றுக்கொன்று எதிராக இல்லாததால் யாரையும் பார்த்துப் புன்னகைக்க வேண்டிய கட்டாயமும் எழவில்லை.

உணவறையில் மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவரவரே பரிமாறிக்கொள்ளலாம் என்பதால் அளவறிந்து உண்ண முடிகிறது. ஆனால் பேசிக்கொண்டே நடக்கும் குழுக் கருத்தரங்குகளுக்கும் இதே வளாகம் தரப்படுகிறது. அவர்களுக்குத் தனி உணவறை இல்லை. ஓரிரு நாள் அமைதியை நாடுவோர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 30 நாள் பயிற்சிகளுக்கு வருவோர், அந்த நாட்களில் வேறு குழு வருகிறதா என்று முன்பதிவின்போதே விசாரித்து, சந்திப்பு அறைகளுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி, தோட்டத்தைப் பார்த்த கடைசி அறைகளில் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும்.