வீட்டு ரேஞ்ச்ல பிஸ்டல் கேம்: தகடா, பேப்பரா, தகர டப்பாவா?

தகடு விழறப்ப வர்ற அந்த 'டங்' சத்தத்துக்கு முன்னாடி பேப்பர்ல விழற ஓட்டை எல்லாம் ஒரு விஷயமே இல்லன்னுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நாலு பேர் சேர்ந்து ஜாலியா சுடணும்னா இரும்பு டார்கெட்டா வாங்கிப் போடு, மத்ததெல்லாம் வேஸ்ட்னு கேக்காதவங்களுக்கும் அட்வைஸ் பண்ணிருக்கேன். இப்ப அப்படி சொல்ல மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

இங்க பேசறது ஏர் பிஸ்டல் மட்டும்தான், 4.5 மி.மீ ஈய பெல்லட் போடற ரகம். உங்க ஊர் சட்டம் வீட்ல சுட விடுதான்னு முதல்லயே பாத்துக்கோங்க. அப்புறம் பேக்ஸ்டாப், அதாவது டார்கெட்டுக்குப் பின்னாடி பெல்லட்ட பிடிச்சு நிறுத்தற தடுப்பு. குறி தப்பின பெல்லட் எங்க போய் நிக்கும்ங்கற கேள்விக்கு தெளிவா பதில் இல்லாம கேம் பத்தி யோசிக்கவே கூடாது, ஏர் பிஸ்டல்தானேன்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன், மேல நோக்கி தப்பிச்சுப் போற பெல்லட் வேலியோட எல்லாம் நிக்காது. பெட்டிக்குள்ள ரப்பர் துண்டு ரொப்பி வெச்சாலும் சரி, களிமண் மாதிரி இருக்குற பட்டிய அப்பி வெச்சாலும் சரி, பெல்லட் உள்ள போய் புதைஞ்சிடணும், திரும்பி வரக்கூடாது. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும், பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறவருக்கும் சேர்த்து.

சரி, டப்பா. காலி டப்பாவ வரிசையா அடுக்கி சுடறதுதான் எல்லாரும் ஆரம்பிக்கற இடம், செலவே இல்ல, குழந்தைத்தனமா ஒரு சந்தோஷம் வரும், ஆனா ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடந்து போய் அடுக்கணும், பத்து நிமிஷத்துல யாருக்கும் எழுந்திரிக்க மனசு வராது. கூடவே டப்பா எப்பவும் தரையிலயோ தாழ்வான பலகையிலயோதான் நிக்கும், பெல்லட் தரைல பட்டு தவ்விப் போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. கயித்துல கட்டி பேக்ஸ்டாப்புக்கு முன்னாடி தொங்க விட்டா ரெண்டு பிரச்சினையும் ஓரளவு தீரும். கண்ணாடி பாட்டில் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க.

இப்ப தகடு. இதுல முக்கியமா மூணு ரகம் இருக்கு, மூணையும் ஒண்ணா பாக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. முதல்ல விழற தகடு, வரிசையா ஆறு வட்டத் தகடு, பட்டா மல்லாந்து விழும். பியாஞ்சி கப்புனு 1979ல ஆரம்பிச்ச போட்டில 8 இஞ்ச் தகடு ஆறு வெச்சு ஒரு பகுதி உண்டு, வீட்ல நாம வெக்கறது அதோட குட்டிப் பதிப்புன்னு வெச்சுக்கலாம். விழுந்ததா நிக்குதான்னு கண்ணுக்கே தெரியறதால வாக்குவாதம் இல்ல. கயிறு இழுத்தா மொத்தமா எழுந்து நிக்கிற மாதிரி பண்ணிட்டா நடையும் மிச்சம், அந்தக் கயிறு இல்லாத தகட்டு ஸ்டாண்ட் வாங்கவே வாங்காதீங்க.

ரெண்டாவது ஸ்பின்னர், பட்டா கிறுகிறுன்னு சுத்தும். தானா திரும்ப நேரா வந்துடும், கயிறு கூட வேணாம், தனியா சுட சூப்பர். ஆனா கேமுக்கு ஆகாது, ஏன்னா சுத்தி முடிச்சதும் தடயமே இல்ல, "பட்டுச்சு" "படல" "நான் பாத்தேன்"னு ஒரே ரகளை. மூணாவது டூயலிங் ட்ரீ, ஒரு கம்பத்துல ஆறு தகடு, சுட சுட எதிராளி பக்கம் தள்ளிவிடணும், எல்லாத்தையும் அவன் பக்கம் தள்ளினவன் ஜெயிச்சான். பாக்கறதுக்கு இதுதான் உச்சம். ஆனா .22 ரிம்ஃபயர்னு சொல்ற நெஜத் தோட்டா துப்பாக்கிக்கு செஞ்சதை தெரியாம வாங்கிட்டா ஏர் பிஸ்டல் பெல்லட்டுக்கு தகடு லேசா தலையாட்டும், அவ்ளோதான். வாங்கறப்ப ஏர் கன்னுக்குன்னு செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மடக்கி லோட் பண்ற பிஸ்டல வெச்சு இந்த விளையாட்டு ஓடவே ஓடாது, பல பெல்லட்ட ஒண்ணா போட்டு வெக்கற மேகசின் இருக்கணும்.

தகட்டோட பெரிய தொல்லை திரும்பி வர்றது. ஈய பெல்லட் தட்டையாகி துணுக்கா பக்கவாட்டுல செதறும், ஸ்டீல் பிபி, அதாவது குட்டி இரும்பு உருண்டை, அப்படி இல்ல, உருமாறாது, வந்த வழியே உங்க மூஞ்சிக்கு வரும். அதனால இரும்புத் தகட்டுக்கு பிபி கூடவே கூடாது, இதுல சமாதானமே கிடையாது. தகட்ட லேசா முன்னாடி சாச்சு வெச்சா துணுக்கு தரைப் பக்கம் போகும், குழி விழுந்த தகட்ட தூக்கிப் போட்டுடுங்க, குழிதான் துணுக்க நம்ம பக்கம் திருப்பி விடும். நான் 8 மீட்டர விட கிட்டத்துல தகடு வெக்கறதில்ல.

சில்லவுட் ரகமும் இருக்கு, கோழி, பன்னி, வான்கோழி, செம்மறிக் கடான்னு நாலு உருவம், இதுக்குன்னே 1976ல ஐஹெச்எம்எஸ்ஏனு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. பட்டா மட்டும் போதாது, விழுந்தாதான் கணக்கு. பொறுமைசாலிகளுக்கு அருமை, அரட்டை அடிச்சுட்டே சுடற கும்பலுக்கு கொஞ்சம் சீரியஸ்.

என்னை மாத்தினது பேப்பர்தான். தகட்டுல யார் நல்லா சுடறாங்களோ அவங்களேதான் திரும்பத் திரும்ப ஜெயிப்பாங்க, நாலாவது ரவுண்ட்ல மத்தவங்க மொபைல எடுத்துருவாங்க, என் வீட்ல இது கண்ணெதிர்ல நடந்துச்சு. பேப்பர்ல அதிர்ஷ்டத்த கலக்கலாம். 52 சீட்டும் அச்சடிச்ச ஒரு ஷீட், ஆளுக்கு 5 ஷாட், போக்கர் சீட்டாட்டக் கணக்குப்படி (ஒரே எண்ணு, ஒரே இனம், வரிசைன்னு சீட்டு சேர்றது) யாருக்கு நல்ல கை அமையுதோ அவங்க ஜெயிச்சாங்க. குறி சரியில்லாதவர் ராஜாவ பாத்து சுட்டு பக்கத்துல இருக்கற ஏழுல படும், அந்த ஏழே அவருக்கு மூணு ஏழா சேர்ந்து கேம அடிச்சுட்டுப் போயிடுவார். ரெண்டு சீட்டு நடுக்கோட்டுல பட்டா குறைஞ்சதுதான் கணக்குன்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க, இல்லனா அதுக்கே ஒரு பஞ்சாயத்து. பெல்லட்டும் மூக்கு தட்டையா இருக்கற வாட்கட்டரா இருக்கட்டும், ஓட்டை வட்டமா சுத்தமா விழும், கூர் மூக்கு பெல்லட் பேப்பர கிழிச்சு விட்டுரும், எங்க பட்டுச்சுன்னே தெரியாது.

ஒன்பது கட்டம் வரைஞ்சு எக்ஸ், ஓ போடற ஆட்டமும் நல்லா ஓடும், குறி தப்பி எதிராளி கட்டத்துல பட்டா அது அவருக்கே போகும்னு வெச்சீங்கனா பதட்டத்துலயே பாதிப் பேர் தப்பு பண்ணுவாங்க. டார்ட்ஸ் மாதிரி 301லேந்து கழிச்சு சரியா பூஜ்யத்துல முடிக்கறதும் உண்டு, ஆனா கணக்கு போட ஒருத்தர் வேணும், அதான் எனக்கு பிடிக்கல. போட்டி கார்டே வேணும்னா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கார்டுல பத்தாம் வளையம் 11.5 மி.மீதான், 5 மீட்டர்ல அதே கார்ட வெச்சா புதுசா வர்றவங்களுக்கு தெம்பா இருக்கும்.

சாக்பீஸ், பலூன் இதெல்லாம் இடைவேளைக்கு. சாக்பீஸ் உடையற விதம் தகட்ட விட திருப்தியா இருக்கும்னு சத்தியம் பண்ணுவேன், ஆனா ஒருவாட்டி உடைஞ்சா முடிஞ்சுது. பலூன் துணுக்க பொறுக்கி எடுத்துடுங்க, பிராணி ஏதாவது தின்னுடும். பிஸ்கட்டும் சிலர் வெக்கறாங்க, ஈயம் பட்ட தின்பண்டம் தரைல கெடக்கறது எனக்கு சரியா படல. ஈயம்னதும் ஞாபகம் வருது, சுட்டுட்டு கை கழுவாம நொறுக்குத்தீனில கை வெக்காதீங்க.

துப்பாக்கி எதுன்னு கேட்டா, வேகமான தகடு கேமுக்கு கார்பன் டை ஆக்சைட் ரகம், 12 கிராம் சிலிண்டர் போடறது. ஆனா படபடன்னு சுட்டா சிலிண்டர் சில்லுனு ஆயிடும், 20 டிகிரில சுமார் 57 பார் இருக்கற அழுத்தம் 0 டிகிரில 35க்கு வந்துடும், பெல்லட் மெதுவாகி கீழ படும். கடைசி ஆள் பாவம், அவர் தப்பே இல்லாம தோப்பார். பேப்பருக்கு ஒரே பம்ப்ல காத்து அடைக்கற ரகம் போதும், ஒவ்வொரு ஷாட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

நல்லா சுடறவருக்கு பாரம் ஏத்தணும்னா ரெண்டு அடி பின்னாடி நில்லுன்னு சொல்லாதீங்க, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் நிக்கற நிலைமை வரும். கோடு எல்லாருக்கும் ஒண்ணே, அவரோட டார்கெட்ட சின்னதாக்குங்க, இல்ல இடது கையால சுடச் சொல்லுங்க. உறைலேந்து உருவி சுடற விளையாட்டு வேணாம், மேஜைல காலியா இருக்கற பிஸ்டல்லேந்து ஆரம்பிச்சா போதும். நேரம் பாக்கற டைமர் பல சமயம் ஏர் பிஸ்டல் சத்தத்த பிடிக்காது, அதனால நான் மொபைல்ல ரெண்டு பீப் வெச்சுப்பேன், முதல் பீப்ல ஆரம்பி, ரெண்டாவது பீப்புக்கு அப்புறம் சுட்டா கணக்கில்ல.

இப்ப என் ரேஞ்ச்ல நடுவுல போக்கர் ஷீட், ஓரமா கயிறு கட்டின ஒத்த தகடு. கேம் பேப்பர்லதான், ரெண்டு பேருக்கு ஒரே கை வந்தா மட்டும் தகட்டுக்குப் போவோம், ஆளுக்கு ஒரு பெல்லட், முதல்ல தப்ப விடறவர்தான் அன்னிக்கு பெட்டில இருக்கற ஈயத்த பொறுக்கணும்.