ஈரப்பத சென்சார்: ஆய்வகத்துக்கு அனுப்புவதா, இருக்கும் இடத்திலேயே சரிபார்ப்பதா?

வாயுவில் உள்ள ஈரத்தை அளக்கும் அலுமினியம் ஆக்சைடு சென்சார் காட்டும் அளவு நாளாக நாளாக விலகும். வருடத்துக்கு ஒருமுறை காலிபரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்வது வழக்கம். ஆய்வகத்தில், ஈரம் எவ்வளவு என்று தெரிந்த வாயுவைச் செலுத்தி, பல பனிநிலைகளில் (பனிநிலை என்பது வாயுவைக் குளிர்விக்கும்போது அதன் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அளந்து, சென்சாரின் சிக்னலைப் பனிநிலையாக மாற்றிப் படிக்க உதவும் புதிய வளைகோடு எடுத்துத் தருவார்கள். சென்சார் திரும்பும்வரை மாற்று ஒன்று கையில் வேண்டும், அவ்வளவுதான்.

இருக்கும் இடத்திலேயே என்றால், குளிர்கண்ணாடிப் பனிநிலைமானியை (கண்ணாடியைக் குளிர்வித்து, அதில் பனி படியும் வெப்பநிலையை அளக்கும் கருவி) அதே வாயுவில் இணைத்து இரண்டு அளவையும் ஒப்பிடுவது. சுலபம் போலத் தெரியும்; அவசரப்பட்டால் ஏமாற்றிவிடும். வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் பனிநிலை என்பது சுமார் 127 பிபிஎம் (பத்து லட்சத்தில் 127 பங்கு) ஈரம். மைனஸ் 60-இல் வெறும் 11 தான். அங்கே டெஃப்லான் குழாயின் சுவர் வழியே ஊடுருவும் வெளிக்காற்றின் ஈரமே கணக்கைக் கெடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே போடுங்கள். அப்புறம், இரண்டு கருவியும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பனிநிலையும் ஏறும். குழாய் காய்ந்து எண் நிலைக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள்.

வருடாந்திர வேலைக்கு நான் ஆய்வகத்தையே நம்புவேன். நடுவில் சந்தேகம் வந்தால் இடத்துச் சோதனை போதும். ஆனால் அதில் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும், முழு வளைகோடு கிடைக்காது.