கடன் அட்டையோடு வந்த பயணக் காப்பீடு: ஆறு ஆண்டுகளும் ஒரு மணிக்கட்டும்

சென்ற வாரம் கடையில் பிஸ்டன் ரிங்குகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மைத்துனன் வந்து நின்றான். ஜெர்மனியில் படிக்கும் மகனைப் பார்க்கக் கணவனும் மனைவியுமாகப் போகிறார்களாம். "மச்சான், கார்டுலயே இன்சூரன்ஸ் இருக்குதாம்ல, தனியா எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று கேட்டான். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கடன் அட்டையோடு இலவசமாக வந்த பயணக் காப்பீட்டை நம்பி 2019 முதல் வெளிநாடு போய் வந்தவன் நான். ஒரு முறை அது என் மனத்தைக் குளிரவைத்தது. இன்னொரு முறை, கையில் மாவுக்கட்டோடு இருந்தவனுக்கு ஒற்றை வரியில் கடிதம் அனுப்பியது.

அவனுடைய கேள்விக்கான விடை எளிது. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பயணியின் பெயர், நாள், செல்லுபடியாகும் நாடுகள் எல்லாம் எழுதிய சான்றிதழையும் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். என் வங்கியிடம் அப்படியொரு சான்றிதழ் கேட்டபோது, அட்டையின் விளம்பரத் துண்டறிக்கையைத்தான் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஆகவே அவன் தனியாக வாங்கித்தான் தீர வேண்டும். ஆனால் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் போய்வரும் எங்கள் கீழக்கரைக்காரர்களிடம் இத்தகைய சான்றிதழை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. எனவே கேள்வி எங்களுக்குத்தான் மிச்சமிருக்கிறது.

அட்டையின் விவரங்களை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஆண்டுக் கட்டணம் வரியோடு 2,950 ரூபாய். விமான விபத்தில் இறந்தால் 1 கோடி ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அவசர மருத்துவம், பெட்டி தாமதம், கடவுச்சீட்டு தொலைதல் ஆகியவை சிறிய எழுத்தில் இருந்தன. பயணிக்கு உண்மையில் நேரக்கூடியவை அந்தச் சிறிய எழுத்தில் உள்ளவைதாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023இல் மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போனேன். நான் இறங்கினேன், பெட்டி இறங்கவில்லை. உள்ளே மகளுக்காகக் கிண்டி எடுத்துப்போன தொதல், இரண்டு கிலோ முண்டு மிளகாய், கருப்பட்டி, என் உடுப்புகள் எல்லாம் இருந்தன. நாளைக்கு வந்துவிடும் என்று வெளியே நடக்கப் பார்த்த என்னை மருமகன்தான் தடுத்து, பெட்டி முகப்புக்குக் கூட்டிச் சென்று, பெட்டி வரவில்லை என்பதற்கான அறிக்கையை எழுதி வாங்கவைத்தார். பிஐஆர் என்று அவர்கள் சொல்லும் அந்த ஒற்றைத் தாள் இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியேறுகிறவருக்குக் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் பெயராது. பெட்டி 26 மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, உள்ளாடை, சவரப் பொருள் என்று வாங்கியதற்கு ரசீது வைத்திருந்தேன். ஊர் திரும்பிக் கோரிக்கை அனுப்பிய 19ஆம் நாள், 6,480 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைத்த பெண் தமிழில் பேசினார், ஆவணம் கேட்பதற்கு முன்பே, "பெட்டியில் இருந்த மருந்துக்கு என்ன செய்தீர்கள் ஐயா?" என்று விசாரித்தார். ஆறு ஆண்டுகளில் அந்த வங்கியின் பெயரால் என்னிடம் பேசிய எவரும் என் உடம்பைப் பற்றிக் கேட்டது அந்த ஒரு முறைதான். மகிழ்ந்துபோய்க் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்த அட்டையைச் சிபாரிசு செய்தேன். என் பேச்சைக் கேட்டு நான்கு பேராவது அதை வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் மனைவியின் உறவில் ஒரு திருமணத்துக்காகக் கொழும்பு போனோம். எங்கள் கடற்கரைக்குக் கொழும்பு அயலூர் மாதிரி. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று என் பாட்டனார் போய் வந்திருக்கிறார். இன்றைக்கு நாங்கள் எதிர்த்திசையில் இரண்டரை மணி நேரம் மதுரைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதில் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: என் அட்டையின் விதிகளில் 'விமானப் பயணச் சீட்டு' என்றுதான் இருக்கிறது. கப்பலில் போனால் கதை அங்கேயே முடிந்தது.

வெள்ளவத்தையில் தங்கியிருந்த வீட்டின் படிக்கட்டில், மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. அட்டையின் பின்னால் இருந்த எண்ணை அழைத்தால், வலியில் முனகிக்கொண்டிருந்தவனிடம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன் வேண்டுமா என்று பதிவுசெய்த குரல் கேட்டது. மயக்க மருந்து கொடுத்து, கம்பி பொருத்தி, இரண்டு இரவு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். மொத்தச் செலவு இலங்கைப் பணத்தில் 3,10,000; நம் கணக்கில் 87,000 ரூபாயைத் தாண்டியது. திருமண வீட்டார் கையிலிருந்து கொடுத்து உதவினார்கள். கொழும்பு மருத்துவமனையின் கணக்காளர் எல்லா ரசீதையும் ஆங்கிலத்தில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். பெட்டி விஷயத்தில் பாடம் படித்திருந்ததால் ஒரு தாளும் விடாமல் சேர்த்து அனுப்பினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

கோரிக்கை தள்ளுபடியானது. பயணச் சீட்டுக்கான தொகை என் அட்டையிலிருந்து செலுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என்பது மட்டுமே காரணம்.

அது உண்மை. இங்கேதான் இந்தக் காப்பீட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஒத்துவராத இடம் இருக்கிறது. கீழக்கரையில் விமானச் சீட்டு வாங்குவது என்றால் டிராவல்ஸ்காரருக்குத் தொலைபேசி போட்டு, "ரெண்டு டிக்கெட் போடு" என்று சொல்வதுதான். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் சீட்டு வந்துவிடும். பணத்தைப் பாதி அன்றைக்கு, மீதி திரும்பி வந்த பிறகு என்று கொடுப்போம். சவூதிக்கு வேலைக்குப் போகிற பிள்ளை முதல் மாதச் சம்பளத்தில் வாப்பாவின் பெயரில் இருக்கும் பாக்கியை அடைப்பதும் உண்டு. நான் சீட்டு வாங்கும் டிராவல்ஸ்காரரோடு எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். அவர் அந்தச் சீட்டை மதுரையில் உள்ள பெரிய முகவரிடம், தாம் முன்பணம் கட்டி வைத்திருக்கும் கணக்கிலிருந்து எடுத்திருந்தார். நான் அவருக்குக் கொடுத்தது பாதி ரொக்கம், பாதி கூகுள் பே. விமானத்தில் உட்கார்ந்தவன் நான், கை முறிந்தவன் நான், ஆண்டுக் கட்டணம் கட்டுகிறவனும் நான். ஆனால் சீட்டுக்குப் பணம் போன வழியில் என் அட்டை எங்கும் இல்லை. கோலாலம்பூர் பயணத்தில் பணம் கிடைத்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டை மகள் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் என் அட்டை எண்ணைப் போட்டு வாங்கியிருந்தாள் என்பதுதான் காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

கோபம் ஆறிய பிறகு யோசித்தால் இந்த விதியில் ஒரு நியாயம் தெரியத்தான் செய்கிறது. இது குழுக் காப்பீடு; பாலிசி வங்கியின் பெயரில் இருக்கிறது, பிரீமியத்தையும் வங்கிதான் கட்டுகிறது. அட்டை தேய்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே வங்கி அந்தப் பணத்தைச் செலவழிக்கிறது. தேய்க்காதவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் விதி ஒளித்து வைக்கப்பட்டிருக்கவும் இல்லை. விளக்கப் புத்தகத்தின் 23ஆம் பக்கத்தில் இருந்தது. நான் 4ஆம் பக்கத்தில் 1 கோடியைப் படித்துவிட்டு மூடி வைத்தவன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறொன்று. மறுப்பை எதிர்த்து எழுதியபோதுதான், 2023இல் பெட்டிக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் 2024இல் மறுத்த நிறுவனமும் வேறு வேறு என்பது தெரிந்தது. இடையில் வங்கி குழுப் பாலிசியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறது. நான் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்த விதிகள் காலாவதியானவை. தமிழில் பேசிய அந்தப் பெண்ணின் எண்ணும் பயனற்றுப்போனது. காப்பீட்டின் விவரத்தையும், கோரிக்கையைக் கையாளும் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களையும் அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்லியிருந்தன. தேடிப் பார்த்தேன், தெரிவித்திருக்கிறார்கள். பீட்சா தள்ளுபடிக்கும் தங்க நாணயச் சலுகைக்கும் நடுவில் ஒரு மின்னஞ்சல் இருந்தது. புதிய பாலிசியின் முழு நகலைக் கேட்டால் வங்கி காப்பீட்டு நிறுவனத்தைக் கேள் என்றது. அவர்களோ பாலிசிதாரர் வங்கிதான், அங்கே கேள் என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு நகல் வந்தது. அதிலும் அதே சீட்டு விதிதான் இருந்தது.

காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதினேன். அதற்குக் கட்டணம் இல்லை. குழுக் காப்பீடும் அவர் வரம்புக்குள் வருகிறது. மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போகலாம். மனுவை இரண்டு பக்கம் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, என் வாதம் முழுவதும் 'எங்கள் ஊரில் இப்படித்தான் வழக்கம்' என்பதாகவே இருந்தது. அனுப்பவில்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணத்துக்கு முந்தைய 90 நாள்களுக்குள் அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். கருவாட்டுக் கடை வரை க்யூஆர் கோடு தொங்கும் ஊரில் இது தானாக நடப்பதில்லை, நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மனைவியிடம் இருக்கும் கூடுதல் அட்டைக்கு இந்தக் காப்பீடு கிடையாது. கொழும்பில் விழுந்தது அவளாக இருந்தால் 23ஆம் பக்கம் வரைகூடப் போக வேண்டியிருந்திருக்காது. எனக்குச் சர்க்கரை இருப்பதால், அதையொட்டி எது வந்தாலும் விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஊர் திரும்பும் வழியில் பெட்டி தாமதமானால் ஒன்றும் தர மாட்டார்கள். 1 கோடிக்கு வாரிசு என்ற கட்டம் ஐந்து ஆண்டுகளாகக் காலியாகவே கிடந்தது, இப்போது நிரப்பிவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த மாதம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் ஒரு கேள்விக்காகவா, முறிந்த கைக்கு என்றாவது கணக்குத் தீர்க்கலாம் என்ற வீம்பிலா என்று மனைவி கேட்டாள். இரண்டும் இருக்கும். ஆனால் இனி அதை நம்பி விமானம் ஏற மாட்டேன். அடுத்த மாதக் கோலாலம்பூர்ப் பயணத்துக்கு இருவருக்கும் சேர்த்து 1,412 ரூபாயில் தனிக் காப்பீடு வாங்கிவிட்டேன். பெயரும் நாளும் நாடும் அச்சிட்ட தாள் கையில் இருக்கிறது.

ஆனாலும் சீட்டை இந்த முறை அட்டையில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக டிராவல்ஸ் கடைக்குப் போனேன். முகவரிடம் வாங்கினாலும், பயணியின் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய ரசீதும், அட்டையிலிருந்து பணம் போன கணக்கும் இருந்தால் ஏற்பார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருந்தேன். டிராவல்ஸ்காரர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன காக்கா, நம்மகிட்டப் போயி கார்டு நீட்டுறீங்க?" என்றார் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). முப்பது ஆண்டில் முதல் முறையாக எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சிறிய இயந்திரம் வந்து உட்கார்ந்தது. இரண்டு சீட்டுக்கு 37,000 ரூபாய். அட்டையில் கொடுத்தால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இலவசக் காப்பீட்டுக்காக 740 ரூபாய் கொடுத்தேன். அதை ரசீதில் தனி வரியாக எழுதச் சொல்லி, பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.