சினைப்பைக் கட்டி ஆபரேஷன்: லேப்பராஸ்கோப்பியா, ஓபனா என்பதற்கு முன் கேட்க வேண்டியது

சினைப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சிறு துளை போட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்து செய்யும் ஓபனா? நானும் அதைத்தான் கேட்டேன். தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும், எத்தனை நாள் லீவு போடுவது என்றே மனது ஓடியது. கட்டியை மட்டும் எடுப்பார்களா, சினைப்பையையும் சேர்த்தா என்று கேட்கத் தோன்றவே இல்லை. தழும்பு மங்கிவிடும், எடுத்த சினைப்பை திரும்ப வராது.

ஒன்றை முதலில் பிரித்துவிடுகிறேன். பிசிஓடியையும் நாம் 'நீர்க்கட்டி' என்றே சொல்கிறோம். அவை முழுதாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். வெட்டி எடுக்கும் விஷயமே அல்ல. இங்கே பேசுவது தனியாக வளர்ந்து நிற்கும் கட்டியைப் பற்றி.

அதிலும் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. மாதவிலக்குச் சுழற்சியை ஒட்டி வருகிற சாதாரணக் கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சிக்குள் தானாகவே வற்றிவிடும். மாதவிலக்கு நிற்காத வயதில், வெறும் நீர் மட்டுமே உள்ள 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டியை வழக்கமாக விட்டுவிடலாம். 5 முதல் 7 செ.மீ. வரை என்றால் ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இருக்கிற கட்டி சீக்கிரம் கரையும் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ஆனால் முடியும் கொழுப்பும் சில சமயம் பல்லும்கூட இருக்கிற டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது. எனக்கு இருந்தது அதுதான்.

சரி, ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. லேப்பராஸ்கோப்பியில் வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியே பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். வலி குறைவு, அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம், ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். ஓபன் என்றால் சில நாள் மருத்துவமனை வாசம். முழுதாகத் தேற ஆறு வாரம்கூட ஆகும். இந்தக் கணக்கில் துளைதான் வெல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் கட்டி உள்ளே உடையாமல் முழுதாக வெளியே வர வேண்டும். அப்போது வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பு. கட்டி மிகப் பெரிதாக இருந்தாலும், உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தாலும் அப்படியே. துளையில் ஆரம்பித்து நடுவில் திறக்க வேண்டியும் வரலாம். அதை யாரும் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

இப்போது, நான் கேட்க மறந்த கேள்வி. கட்டியை மட்டும் உரித்தெடுத்தால் சினைப்பை தங்கும். அதே இடத்தில் மறுபடி கட்டி வரும் வாய்ப்பும் தங்கும். ஒரு சினைப்பையை முழுதாக எடுத்தாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் மாதவிலக்கு வரும், கருத்தரிக்கவும் முடியும். இரண்டையும் எடுத்தால் எந்த வயதானாலும் அன்றைக்கே மெனோபாஸ் தொடங்கிவிடும். உடம்பு திடீரென்று கொதிப்பதில் ஆரம்பித்து எலும்பு தேய்வது வரை அதன் பின்விளைவுகள் நீளும். எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கி உண்டாகிற சாக்லேட் கட்டியில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. கட்டியை மட்டும் உரித்தாலும் பக்கத்துத் திசு கொஞ்சம் கூடவே போய் கருமுட்டை இருப்பு குறையலாம். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே, அந்த இருப்பைக் கணிக்கிற ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால் சினைப்பை நீக்கம்' என்று ஒரு வரி இருக்கக்கூடும். எந்த நிலைமையில் அது தேவைப்படும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், தோழிகளே. எனக்காக அதைக் கேட்டது என் அக்கா.

இந்த நிதானமெல்லாம் அவசரமில்லாத நேரத்துக்குத்தான். சினைப்பை முறுக்கிக்கொண்டால், அதாவது ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், ஒப்பிட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ஓட வேண்டும். சீக்கிரம் முறுக்கை எடுத்துவிட்டால், கறுத்துப்போன சினைப்பைகூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பயந்தது தோள்பட்டை வலிக்கு. வயிற்றில் கத்தி பட்டால் தோள் ஏன் வலிக்கிறது என்று அழுதேன். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்த, அந்த வலியைத் தோளில் உணர்கிறோம். இரண்டு மூன்று நாளில் போய்விடும். துளையோ திறப்போ, முதல் நாளிலிருந்தே மெல்ல நடப்பது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் காக்கும். கனமானதைத் தூக்காதீர்கள், ஓபன் ஆனவர்கள் இன்னும் கூடுதல் நாள். காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடுகிற வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அழைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போகும். வலி போனதும் அந்த ரிப்போர்ட் மறந்துபோகிறது. அதை வாங்கி, டாக்டரிடம் காட்டி, பத்திரமாக வையுங்கள். என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்வது ஸ்கேன் அல்ல, அந்தத் தாள்தான்.