வண்டா, அப்பளமா: ரிச்சி தெருவில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேர்

அப்பாவின் டர்ன்டேபிள் பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து, புது பெல்ட் மாட்டி, வீணைக் கச்சேரி ரெக்கார்ட் ஒன்றைப் போட்டேன். வீணைக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. தம்புரா மாதிரி, ஆனால் சுருதி சேராத தம்புரா. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது.

ஆபீசில் ஒருவர் ஆம்பின் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின்) மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்றார். நல்லவேளை, செய்யவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் பழைய ஆடியோ செட் பார்க்கும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "சத்தம் போகும், கூடவே நீயும் போயிடுவ" என்று திட்டினார். அது இரண்டாவது திட்டு. முதல் திட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

பிளேயரைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டு கத்தற மாதிரியா, அப்பளம் பொரியற மாதிரியா?" இரண்டும்தான் என்றேன். "அப்ப ரெண்டு வியாதி" என்றார்.

முதலில் வண்டு. மோட்டாரை நிறுத்தினார்; ரீங்காரம் அப்படியே இருந்தது. முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உலோகத்தில் விரலை வைத்தார், சட்டென்று அடங்கியது. விரலை எடுத்தார், திரும்ப வந்தது. எர்த் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமாம். முள் பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்பின் போனோ பகுதி அதைச் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது, அடித்தொனியை இன்னும் அதிகமாகத் தூக்குகிறது. நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் துளி உள்ளே புகுந்தாலும் ஊதிப் பெரிதாகிவிடும்.

எர்த் ஒயரை ஆம்பின் திருகில் நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். ஆனால் மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றை டோன்ஆர்மிலும் வைத்தபோது பீப் வரவில்லை, அதாவது இணைப்பு இல்லை. அடிப்பலகையைக் கழற்றினால், உள்ளே சால்டர் விட்டு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே எத்தனை தடவை திருகி என்ன பயன்?

சால்டர் வைத்த பிறகும் இடது பக்கம் லேசாக முனகியது. டோன்ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஹெட்ஷெல்லில் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என்று முடி போல நான்கு ஒயர்கள் உண்டு. நீலம் தளர்ந்திருந்தது. அதன் கிளிப்பைக் கழற்றி, இடுக்கியால் லேசாக இறுக்கி மாட்டினார். நிசப்தம்.

அப்பளத்துக்கு ரிப்பேரே இல்லை. தன்னுடைய ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார், பொரியவில்லை. என் ரெக்கார்டில்தான் அழுக்கு. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடு லேபிள் நனையாமல், கோடு போகும் திசையிலேயே மெத்தென்ற துணியால் துடைக்கச் சொன்னார். பழைய 78 ரெக்கார்டுகளில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாதாம், அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

கூலி 450 ரூபாய். பிளேயர் பிழைத்ததற்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 'நாளைக்கு' என்றது ஒன்பது நாள் ஆனது, போனையும் எடுப்பதில்லை. ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியதும் 'பூம்' என்று ஒரு முழக்கம் கிளம்பிப் பெருகியது. பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே பெஞ்சில் இருந்ததால், ஸ்பீக்கரின் அதிர்வை முள் எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இதை நானாகக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போனது. ஸ்பீக்கரைத் தரையில் இறக்கினேன், சரியாகிவிட்டது.

போகிறவர்கள் ஆம்பையும் சேர்த்து எடுத்துப் போங்கள். முள்ளுக்கு மூடி போட்டு, டோன்ஆர்மை நூலால் கட்டி, ரெக்கார்ட் சுழலும் தட்டான பிளாட்டரைத் தனியாகத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் அப்படியே மடியில் வைத்து ஆட்டோவில் போனேன். முதல் திட்டு அதற்குத்தான்.